முகமும் ஹெல்மெட்டும்

அன்றைக்கு அது இருபத்து மூன்றாவது வாசல். வண்டியைச் சாய்த்து நிறுத்தி, கையுறையைக் கழற்றி, மூக்குக்கண்ணாடியை உருவி அதன் காம்பைப் பல்லில் கவ்விக்கொண்டாள். பிறகு கழுத்து வாரை அவிழ்த்து, இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்து மேலே இழுத்தாள். வலது காது மடங்கி, நேற்று உரிந்த இடத்திலேயே மறுபடியும் உரிந்தது. அழைப்பு மணியை அழுத்தியபோது கண்ணாடி இன்னும் வாயில்தான் இருந்தது. கதவைத் திறந்த பெண்மணி அவள் முகத்தையும் கைபேசியில் வந்த படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டார். மறுபடியும் ஹெல்மெட், மறுபடியும் கண்ணாடி, மறுபடியும் வார். இன்னும் பதினெட்டு வாசல் பாக்கி இருந்தது.

பார்சல் கொடுப்பவர் முகத்தைக் காட்டித்தான் கொடுக்க வேண்டும் என்பது கம்பெனியின் விதி. தொப்பி மாதிரி அரை ஹெல்மெட் போட்டவர்களுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. அவர்கள் அப்படியே போய் நிற்பார்கள், கொடுப்பார்கள், கிளம்புவார்கள். முகத்தை முழுதாக மூடும் ஹெல்மெட் அந்தக் கிடங்கிலேயே அவள் ஒருத்திதான் போட்டாள். கூட ஓட்டுகிறவர்கள் அவளைக் 'கண்ணாடியக்கா' என்று கூப்பிடுவார்கள். கண்ணாடிக் காம்பில் பல் தடம் பதிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அக்காவுக்கு மத்தியானச் சாப்பாடே அதுதான் என்று கேலி பேசுவார்கள்.

அந்த ரூட் அவள் கணவனுடையது. பதினோரு வருஷம் அவன் ஓட்டினான், அரை ஹெல்மெட்டோடுதான். ஏழு வாரத்துக்கு முன் ஒரு திருப்பத்தில் ஜல்லியில் சக்கரம் வழுக்கி, நடைபாதை விளிம்பில் முகம் மோத விழுந்தான். தாடை இரண்டு இடத்தில் முறிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, உறிஞ்சுகுழலில் உயிர் வாழ்கிற மனிதனுக்கு என்ன தலைப்பாகை? அதுவரை கிடங்கில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தவள், அவன் தேறி வரும்வரை ரூட் கைவிட்டுப் போகக் கூடாது என்று வண்டியை எடுத்தாள். வீட்டுக்குப் பக்கத்து ரூட். மத்தியானம் கால் மணி நேரம் ஒதுக்கி வந்து, சோற்றைக் கூழாக அரைத்துக் கொடுத்துவிட்டுப் போக முடிந்தது. அந்த ரூட்டைப் பிடுங்கிக்கொள்ள வரிசையில் ஆள் நின்றது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேற்பார்வையாளர் எல்லாரையும் கூட்டி நிறுத்தினார். திங்கட்கிழமையிலிருந்து கிடங்கு வாசலில் கேமரா வருகிறதாம். காலையில் பார்சல் எடுக்கும் முன் அதன் எதிரே நிற்க வேண்டும். முகமும் தெரிய வேண்டும், ஹெல்மெட்டும் தெரிய வேண்டும். பச்சை வந்தால் பார்சல். ஒரு வாரத்தில் மூன்று சிவப்பு வந்தால் ரூட் வேறு ஆளுக்கு. எல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்று முடித்தார். கூட்டம் கலைந்த பிறகு அவளை மட்டும் நிறுத்திவைத்துக்கொண்டார்.

"இந்தக் குடத்தை இனிமே கவுத்துக்கிட்டு வராதீங்கம்மா. எல்லாரையும் மாதிரி ஒரு சின்ன ஹெல்மெட் வாங்கிக்குங்க."

அவள் அதே குடத்தை மாட்டி, வாரை இறுக்கிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

வீட்டில் இதைச் சொன்னதும் கணவன் தலையை வேகமாக ஆட்டினான். கம்பி கட்டிய வாயிலிருந்து வார்த்தை பல்லிடுக்கு வழியாகத்தான் வரும். பக்கத்தில் போய்க் காது கொடுத்தால்தான் புரியும். கல்யாணமான நாளிலிருந்து அவள் பேசி முடிக்கிறவரை அவன் காத்திருந்தது இந்த ஏழு வாரத்தில்தான் என்று அவள் சொல்லிக் காட்டுவதுண்டு. இப்போது அவன் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

"அரை ஹெல்மெட் வேணாம். எனக்கு ஆனது ஒனக்கும் ஆகணுமா? முன்பக்கம் தூக்கித் தொறக்குறது இருக்கு. அதைப் பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். கடையில் தரையிலிருந்து கூரை வரைக்கும் ஹெல்மெட். கடைக்காரருக்குத் தலையில் ஒரு முடி இல்லை. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று சொல்லித் தன் வழுக்கையைத் தட்டிக் காட்டிவிட்டு, அளவு நாடாவை எடுத்து அவள் புருவத்துக்கு மேலே சுற்றினார். அதற்குள் அவளே ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்திருந்தாள். சுகமாக உள்ளே போனது, சுகமாக வெளியே வந்தது. காதில் படவே இல்லை. இது போதும் என்றாள். அவர்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற தப்பு அது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கழற்றுகிறவர்களுக்குச் சுலபமாகக் கழல்வதுதான் நல்ல ஹெல்மெட்.

கணவன் எழுந்து வந்து அதை மறுபடி அவள் தலையில் மாட்டி, பின்னாலிருந்து பிடித்து முன்பக்கம் தள்ளினான். அது அவள் மூக்கின்மேல் வந்து விழுந்தது.

"விழும்போதும் சுகமாக் கழண்டுரும்," என்றான்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். ஒரு அளவு சின்னதாக எடுத்துக் கொடுத்தார். முன்பகுதியைத் தூக்கித் திறந்துவிட்டு மாட்டியதால் காது மடங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றவும் வேண்டியிருக்கவில்லை. மூடிய பிறகு இரண்டு கன்னத்தையும் யாரோ செல்லமாகக் கிள்ளிப் பிடித்த மாதிரி இருந்தது. தலையை இடமும் வலமும் ஆட்டச் சொன்னார். ஹெல்மெட்டோடு கன்னத்துத் தோலும் சேர்ந்து நகர்ந்தால் அளவு சரி, ஹெல்மெட் மட்டும் தனியாக நகர்ந்தால் தப்பு என்றார். தோலும் நகர்ந்தது. போகப் போகப் பஞ்சு கொஞ்சம் அமுங்கும், அதனால் புதிதில் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அவள் அதோடு விடவில்லை. அரை மணி நேரம் இதைப் போட்டுக்கொண்டு உட்காரலாமா என்று கேட்டாள். கடைக்காரர் ஸ்டூலைக் காட்டினார். வருகிறவர் போகிறவரெல்லாம் பார்க்க, ஹெல்மெட்டும் தலையுமாக உட்கார்ந்திருந்தாள். இருபது நிமிஷத்தில் நெற்றி நடுவில் ஒரு புள்ளி வலிக்க ஆரம்பித்தது. கழற்றியபோது அங்கே காசு அகலத்துக்குச் சிவந்திருந்தது. ஒன்பது மணி நேரம் போட்டால் மண்டை பிளந்துவிடும் என்று அதை ஒதுக்கினாள். அடுத்ததற்கு நெற்றி வலிக்கவில்லை. ஆனால் கையுறை போட்ட கைக்குத் திறக்கும் பொத்தான் சிக்கவில்லை. மூன்றாவதைக் கணவன் வாங்கிக் காதோரம் வைத்து, முன்பகுதியை மெதுவாக மூடினான். மறுபடி திறந்து, மறுபடி மூடினான்.

"ஒரு பக்கம்தான் சத்தம் வருது. இன்னொரு பக்கம் பூட்டலை."

கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் யாரும் இதைக் காதில் வைத்துக் கேட்டதில்லை என்று ஒப்புக்கொண்டு, அதை உள்ளே கொண்டுபோய் வைத்தார். பிறகு உயரத் தட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து வந்தார். பூட்டு பிளாஸ்டிக் இல்லை, இரும்பு. பொத்தான் கட்டை விரலுக்கு அகலமாக இருந்தது. மூடினால் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் டக்கென்றது. வாரில் தைத்திருந்த சின்னத் துணிச் சீட்டைப் புரட்டிக் காட்டினார். மூடியும் திறந்தும் இரண்டு விதமாகவும் சோதித்ததற்கு அதில் அடையாளம் இருந்தது.

"இருந்தாலும் வண்டி ஓடும்போது மூடியே ஓட்டுங்க தங்கச்சி. தொறக்குறது நிக்கும்போது முகம் காட்ட மட்டும்தான்."

"அதுக்குத்தாண்ணே வாங்குறேன்," என்றாள்.

அதையும் அரை மணி நேரம் போட்டு உட்கார்ந்தாள். நெற்றி சிவக்கவில்லை. விலையைக் கேட்டதும் கணவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் குனியவில்லை. பர்ஸைத் திறந்து கொடுத்துவிட்டு, பையில் போட வேண்டாம், கையிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, இனி எந்தக் கேமரா வந்தாலும் வரட்டும் என்று மனம் குளிர்ந்திருந்தது. முகமும் தெரியும், ஹெல்மெட்டும் தெரியும், விழுந்தால் தாடையும் தப்பும். அவனும் சன்னல் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தபடியே சிரித்தான். வேறு மாதிரி சிரிக்க அவனால் முடியாது.

திங்கட்கிழமை அவள்தான் வரிசையில் முதல் ஆள். வாசல் தூணில் கேமராவும் அதன் கீழே கையகலத் திரையும் மாட்டியிருந்தார்கள். முன்பகுதியைத் தூக்கித் திறந்து, நேராக நின்று கேமராவைப் பார்த்தாள். திரை கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு சிவந்தது. 'தலைக்கவசம் இல்லை' என்று எழுத்து வந்தது.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கையை உயர்த்தித் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், இருந்தது. மேலே தூக்கி நின்ற தாடைப் பகுதி கேமராவைக் குழப்புகிறது போல என்று பின்னால் யாரோ சொன்னார்கள். சரி என்று இறக்கி மூடி, கண்ணெதிரே இருந்த வைசரை மட்டும் உயர்த்திவிட்டு நின்றாள். மறுபடியும் சிவப்பு. 'முகம் இல்லை' என்றது.

வரிசை நெளிந்தது. அவளுக்குப் பின்னால் 'ஆமை' நின்றிருந்தான். ஓட்டுகிற ஓட்டத்துக்குத்தான் அந்தப் பெயர், அவன் சக்கரம் தரையில் படுவதே அபூர்வம். அவனுக்குப் பின்னால் நின்ற பதினான்கு பேரில் பாதிப் பேர் தலையில் ஹெல்மெட்டே இல்லை. மேற்பார்வையாளர் பட்டியல் அட்டையோடு வந்தார்.

"ரெண்டு சிவப்பு ஆயிடுச்சும்மா. இன்னும் ஒண்ணு வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி அவரிடமே நீட்டினாள். பூட்டைக் காட்டினாள். சோதனை அடையாளத்தைப் புரட்டிக் காட்டினாள். நேற்று அரை நாள் உட்கார்ந்து தேர்ந்தெடுத்ததைச் சொன்னாள். அவர் கெட்டவரில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்து, நல்ல சாமான்தான் என்றும் சொன்னார். ஆனால் கேமராவுக்கு எந்த ஹெல்மெட்டைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்களோ அதைத்தான் அதற்குத் தெரியும். கற்றுக்கொடுத்தவர்கள் மேலிடத்தில் இருந்தார்கள். அவர் தூணுக்குப் பின்னால் கையை விட்டு, ஆணியில் தொங்கிய பழைய அரை ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தார்.

"இதை வச்சிக்கிட்டு நில்லுங்க."

அவள் வாங்கிப் பார்த்தாள். கழுத்து வார் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும் இருந்தது. உள்ளே பஞ்சு உதிர்ந்து, வழவழவென்று ஓடு தெரிந்தது.

"இதுக்கு வாரே இல்லையே சார்."

"கேமரா வாரைப் பாக்காதும்மா."

"நான் ஓட்டும்போது என்னோடதைத்தான் போடுவேன்."

"ஓட்டும்போது ஒங்க இஷ்டம். அது நம்ம பொறுப்புல வராது."

அவள் நகரவில்லை. புகார் எழுதுகிற நோட்டைக் கேட்டாள். அது உடைந்த பார்சலுக்கான நோட்டு என்றார் அவர். பரவாயில்லை என்றாள். ஆமை முணுமுணுத்தான், பின்னால் இருந்தவர்கள் மணி ஆகிறது என்றார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நோட்டு வந்தது. 'சேதமான பொருள்' என்று அச்சிட்டிருந்த பத்தியில், நின்றபடியே, திருத்தமான கையெழுத்தில் எழுதினாள்: 'சோதனை செய்த என் ஹெல்மெட்டைக் கேமரா ஏற்கவில்லை. வார் இல்லாத ஹெல்மெட்டைப் போடச் சொல்கிறார்கள்.' தேதி போட்டாள். பக்கத்தில் அவரையும் ஒரு கையெழுத்துப் போட வைத்தாள். நாளைக்கும் எழுதுவேன், நாளன்றைக்கும் எழுதுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவைக் கொடுத்தாள்.

பிறகு தன் ஹெல்மெட்டைக் கால்களுக்கு நடுவில் தரையில் வைத்துவிட்டு, அந்த அரை ஹெல்மெட்டைத் தலையில் வைத்து நிமிர்ந்து நின்றாள். திரை உடனே பச்சையானது. 'பாதுகாப்பு உறுதி. நல்ல பயணம்' என்றது.

அவள் எடுப்பதற்குள் ஆமையே அதை அவள் தலையிலிருந்து எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். பச்சை. அடுத்தவன் வாங்கினான். பச்சை. வண்டியில் பார்சல் அடுக்கியபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தலையாக ஹெல்மெட் ஏறி இறங்கி நகர, மேற்பார்வையாளர் ஒவ்வொரு பேராகச் சரி போட்டுக்கொண்டே வந்தார். அவள் தன்னுடையதை மாட்டி மூடினாள். இரண்டு பக்கமும் பூட்டியது. பக்கத்தில் ஆமை வெறுந்தலையோடு வண்டியை உதைத்துக் கிளப்பி, முடி பறக்க வாசலைத் தாண்டிப் போனான். கடைசி ஆள் முடிந்ததும் மேற்பார்வையாளர் ஹெல்மெட்டைத் துணியால் துடைத்து ஆணியில் மாட்டினார். திரையில் அன்றைய நிலவரம் வந்து நின்றது: 'பணியாளர்கள் பதினாறு. தலைக்கவசம் அணிந்தவர்கள் பதினாறு.'