பழைய நாலு மரங்கள்

உறைந்து கிடக்கும் எங்கள் ஏரியில் ஸ்டர்ஜன் மீன் பிடிக்கும் பருவம் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கும். ஈட்டி எறியப் பனிக்கட்டியில் ஒரு கட்டில் அளவுக்குத் துளை வேண்டும். அதை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்னால் அறுக்கக் கூடாது, அறுத்தால் அபராதம். அதாவது வியாழன் காலை ஏழு. அந்த ஏழு மணிக்காகத்தான் நான் வருஷம் முழுக்க உயிர் வாழ்கிறேன் என்று அக்கா ஜொலீன் கேலி செய்வாள். பொய்யில்லை. போன வாரமே மோட்டார் ரம்பத்துக்குப் புதுச் சங்கிலி போட்டுவிட்டேன். துளைமேல் வைக்கும் மரக்குடிலுக்குள் கறுப்பு பெயின்ட் இரண்டு கோட் அடித்தாகிவிட்டது. உள்ளே இருட்டாக இருந்தால்தான் அடியில் போகும் மீன் தெரியும்.

புதன்கிழமை பனிக்கட்டியில் இருந்த வெடிப்பு அகன்று, வண்டிகள் கடக்க அதன்மேல் போட்டிருந்த பாலத்தின் நீளத்தையே தாண்டிவிட்டது. மீன்பிடிச் சங்கத் தலைவர் வெர்லின் ஆட்களைக் கூட்டி பாலத்தை வடக்கே குறுகலான இடத்துக்கு இழுத்துப் போட்டார். பாதையைக் காட்டும் மரங்களை மாற்றுவது என் வேலை. ஊரில் எல்லோரும் வீசிய கிறிஸ்துமஸ் மரங்கள்தான். துளை போட்டு நட்டு, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் பாறை மாதிரி இறுகிவிடும்.

வியாழன் விடிவதற்குள் புது வரிசை நட்டுவிட்டேன். பழைய வரிசையில் வெடிப்பை நோக்கி நிற்கும் நாலு மரங்களை அறுத்து எடுப்பதுதான் பாக்கி. மணி ஆறே முக்கால். ஆழமான இடத்துக்கு வேறு எவனாவது போய்விடுவான். அப்புறம் எடுக்கலாம் என்று கிளம்பிவிட்டேன்.

மத்தியானம் வெர்லின் போன் செய்தார்.

"பழசெல்லாம் எடுத்தாச்சாடா?"

"ஆச்சு ஆச்சு."

"நெசமா?"

"அட, எடுத்துட்டேன்னு சொல்றேன்ல!"

அன்று சாயங்காலமே எடுத்திருக்கலாம். குடிலை நகர்த்துவதிலேயே பொழுது போய்விட்டது.

வெள்ளி மத்தியானம் காற்று கிளம்பியது. தரைப்பனி எழுந்து, கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. நான் வெடிப்புக்கு அப்பால் குடிலில் இருந்தேன். அப்போதுதான் ரூடி போனில் கூப்பிட்டார். அக்கா வீட்டுக்காரர். இரண்டு நாளாகப் பாலாடைக்கட்டி ஆலையில் டபுள் ஷிப்ட், ஏரிப் பக்கமே வரவில்லை.

"மாப்ள, கரையைத் தாண்டிட்டேன். கண்ணு தெரியல, ஆனா மரம் தெரியுது. எங்க வீட்டு மரங்கூட இருக்கு பாரு, வெள்ளி ஜரிகையை உங்கக்கா கழட்டவே இல்ல. சோம்பேறி."

ஜரிகை மரம் நான் எடுக்காமல் விட்ட நாலில் முதலாவது.

"ரூடி, நில்லுங்க! பாலத்தை மாத்திட்டாங்க, நில்லுங்க!"

"என்னடா? காத்துல ஒண்ணும் கேக்கல. ஜன்னல் தொறந்திருக்கு. உங்கக்கா பின்னாடி சூப் எடுத்துக்கிட்டு வர்றா..."

லைன் அறுந்தது. திரும்பத் திரும்ப அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

ஸ்னோமொபைல் பனிவண்டியில் புதுப் பாலத்தைத் தாண்டி, வெடிப்பின் ஓரமாகவே திரும்பி ஓட்டினேன். நாலாவது மரம் தெரிந்தது. அதைத் தாண்டி இரண்டு டயர் தடம். தடம் முடிந்த இடத்தில் கருப்புத் தண்ணீர், உடைந்த பனித்துண்டுகள், மிதக்கும் ஒரு கையுறை. அடியில், ரொம்ப ஆழத்தில், அவருடைய பிக்கப் வண்டியின் முன்விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பச்சையாக.

குப்புறப் படுத்து ஊர்ந்து போய்க் கத்தினேன். கையைத் தோள்வரை விட்டுத் துழாவினேன். பனிமேல் ஓட்டும்போது, உடைந்தால் சட்டென்று வெளியே வர ஜன்னலைத் திறந்து வைப்பார், பெல்ட் போடமாட்டார், எல்லா விதியையும் ஒழுங்காகப் பார்ப்பவர். வெளியே வந்திருக்கத்தான் வேண்டும். வரவில்லை. விளக்கு ஒரு தடவை மங்கி அணைந்துவிட்டது.

மரத்துப்போன விரலால் வெர்லினை அழைத்தேன்.

"ரூடி உள்ள போயிட்டாரு. பழைய பாலத்துகிட்ட."

"அங்க எதுக்குடா போனான்? மரந்தான் இல்லையே!"

"இருக்கு. நாலு இருக்கு. நான் பொய் சொன்னேன்."

அவர் திட்டவில்லை. "அங்கேயே நில்லு. எவனையும் அந்தப் பக்கம் விடாத," என்றார்.

அப்போதுதான் அக்கா ஞாபகம் வந்தது. நாலாவது மரத்தைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. உதைத்தேன். இறுகியிருந்தது. ரம்பம் குடிலில் கிடந்தது.

வெள்ளைக்குள் இரண்டு விளக்குகள் ஜரிகை மரத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தன. மெதுவாக, மரத்துக்கு மரம் பார்த்து. நான் எதிரே ஓடிப்போய்க் கையை விரித்து நின்றேன். கார் என் முழங்காலைத் தொட்டு நின்றது. ஜன்னல் திறந்தே இருந்தது. உள்ளிருந்து சூப் வாசனை.

"பைத்தியமாடா நீ? இடிச்சிருப்பேன்! கையெல்லாம் ஏன் ஈரம்?" என்றாள் ஜொலீன். அப்புறம் என்னைத் தாண்டி முன்னால் எட்டிப் பார்த்தாள். "அவர் வண்டித் தடத்தைப் பிடிச்சுத்தான் வந்தேன். எங்க அவரு?"

"அக்கா," என்றேன். "வண்டியை ஆஃப் பண்ணு. எறங்கி என்கிட்ட வா."

அவள் இறங்கவில்லை. தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.