நேற்றே நடத்திய பாடம்

மெஹ்ஜபின் பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவி. மங்கலத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்கு வந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை அவள் வகுப்பைப் பார்க்கக் கல்லூரியிலிருந்து கமலாம்பாள் மேடம் வருவதாக இருந்தது. போன வாரம் அவர் முன்னால் திணறிய தோழி வினிதா, அழுதுகொண்டே வெளியே வந்திருந்தாள். அந்தப் பயத்தில் மெஹ்ஜபின் ஒரு காரியம் செய்தாள். திங்கட்கிழமையே எட்டாம் வகுப்புக்கு அதே சதவீதப் பாடத்தை நடத்தி, யார் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுகூடச் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மேடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மெஹ்ஜபினுக்கு உள்ளங்கை வேர்த்துச் சாக்பீஸ் பிசுபிசுத்தது.

"நாற்பது பனியனில் ஆறு டேமேஜ். எத்தனை சதவீதம்?"

ஒன்றைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. சொல்லிவைத்தபடி கிருத்திகா எழுந்து, "ஆறை நாற்பதால் வகுத்து நூறால் பெருக்கணும். பதினஞ்சுங்க மிஸ்," என்றாள்.

மேடம் தன் நோட்டில் ஏதோ எழுதினார்.

அப்போது ஜன்னலோரம் ஜோதிகா எழுந்தாள். முந்தின நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை.

"பீஸ் நாப்பதுதானுங்களே மிஸ், நூறு எங்கிருந்துங்க வந்துச்சு?"

"ஏய், நேத்தே மிஸ் சொல்லிக் குடுத்துட்டாங்க. நீதான் லீவு!" என்று முன்பெஞ்சிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

மேடத்தின் பேனா நின்றது.

"நேத்தே நடத்திட்டீங்களாம்மா?" என்று மேடம் கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். முப்பது பிள்ளைகள் அவளையே பார்த்தார்கள்.

"ஆமாங்க மேடம். பயமா இருந்துச்சுங்க."

ஜோதிகா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். நூறு எங்கிருந்து வந்தது? மெஹ்ஜபின் அதை யோசித்ததே இல்லை. சூத்திரத்தை மனப்பாடம் செய்ததோடு சரி. அந்தச் சூத்திரம் எழுதித் தொங்கவிட்டிருந்த சார்ட்டைக் கழற்றினாள்.

"நாற்பதுல ஆறு டேமேஜுன்னா, இன்னொரு நாற்பதுல எத்தனை இருக்கும் கண்ணு?"

"ஆறுங்க."

"ரெண்டும் சேர்ந்து எண்பது. நூறாக்க இன்னும் இருபது வேணும். இருபதுல?"

ஜோதிகா விரல் மடக்கினாள். "மூணு. அப்போ ஆறும் ஆறும் மூணும்... பதினஞ்சு! நூறு பீஸ் இருந்தா பதினஞ்சுங்களா மிஸ்?"

"அதேதான்," என்றாள் மெஹ்ஜபின்.

மணி அடித்ததும் மேடம் மதிப்பெண் தாளை வெற்றாகவே மடித்தார்.

"இன்னைக்கு மார்க் இல்லீங்க. வியாழக்கிழமை வர்றேன். வேற பாடம். பிள்ளைகளுக்கு முன்னாடியே சொல்லி வைக்காதீங்க." வாசலில் நின்று, "அந்தப் பொண்ணுக்குச் சொன்னது நல்லா இருந்துச்சு," என்றார்.

வியாழக்கிழமை மேடம் முன்னால் மெஹ்ஜபின் இரண்டு இடங்களில் தடுமாறினாள். ஒரு கேள்விக்கு யாருமே கை தூக்கவில்லை. காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து ஒரு கை, பாதிதான், மேலே வந்தது.