ஆறு பென்சில் வட்டங்கள்

“அழிச்சிட்டு அனுப்பியிருக்கலாமேம்மா.”

“என்னைக்கு சார் அழிச்சிருக்கோம்? பதினாறு வருஷமா இதே பழக்கம்தான்.”

ஏற்றுமதி மேலாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவள் அந்த ஆலையில் காகிதக்கூழைப் பரிசோதிப்பவள். புள்ளியக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அட்டை அட்டையாகக் காய்ந்து வரும் கூழை விளக்குப் பெட்டியின் மேல் விரித்து, வேகாத மரப்பட்டையின் கரும்புள்ளிகளை எண்ணுவது அவள் வேலை. அடுத்து எண்ணுகிறவர் கண்ணுக்குத் தப்பக்கூடாதென்று ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிடுவாள்.

இந்த முறை, அவர்களிடம் கூழ் வாங்கும் ஒரு பெரிய தேசத்துக்குப் போன சரக்கோடு மாதிரி அட்டையையும் கேட்டிருந்தார்கள். அவளும் எண்ணிய கையோடு வைத்து அனுப்பிவிட்டாள். ஒப்பந்தப்படி பத்துப் புள்ளி வரை இருக்கலாம். அவள் எண்ணியது ஆறு. ஆனால் அங்கே எண்ணுவது கண் இல்லை, இயந்திரம். அது ஆறு புள்ளிகளை எண்ணியது, ஆறு வட்டங்களையும் எண்ணியது. பன்னிரண்டு என்று அச்சடித்து அறிக்கை வந்துவிட்டது. சரக்கு அவர்கள் துறைமுகத்தில் கிடக்கிறது. இன்று மாலை திரும்ப ஏற்றிவிடுவார்களாம். ஏற்றிவிட்டால் கூழ்ப்பிரிவுக்கே பூட்டு என்று முதலாளி சொல்லியாயிற்று. அந்தப் பிரிவில்தான் அவள் கணவன் கூழ்க்கட்டுகளுக்குக் கம்பி கட்டுகிறான்.

“இன்னொரு தடவ எண்ணச் சொல்லுங்க சார்.”

“அவங்களா மனசு வச்சாத்தான் மறுசோதனை. அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருக்கோம்.”

“அவங்க நமக்கு அனுப்புற கூழுக்கும் அப்படித்தானா?”

அட்டைப்பெட்டி செய்ய, பழைய தாளை அரைத்த கூழ் அதே தேசத்திலிருந்து மாதம் தவறாமல் வந்து இறங்கும். நேற்று வயிற்றெரிச்சல் தாங்காமல் அதையும் விளக்கில் போட்டுப் பார்த்திருந்தாள். முப்பத்தொன்று வரை எண்ணிப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். நடுவில் ஒரு ஸ்டேப்பிள் பின், வளையாமல் நெளியாமல், குடிவந்தது மாதிரி படுத்திருந்தது. நம்முடையது ஆறு, அவர்களுடையது முப்பத்தொன்று என்று ஒரே தாளில் அருகருகே எழுதி மேலாளரிடம் கொடுத்தும் இருந்தாள். தாள் அவர் முன்னால்தான் கிடந்தது.

“இத அனுப்பினா சிரிப்பாங்கம்மா. அந்த ஒப்பந்தத்துல புள்ளிங்கிற பேச்சே கிடையாது. எழுதினது அவங்க.”

“நம்ம சரக்குக்கு எழுதினது?”

“அதுவும் அவங்கதான். பேனா மட்டும் நம்மளுது.”

அவள் முற்றத்துக்கு வந்தாள். கணவன் கட்டு ஒன்றின் மேல் முழங்காலை ஊன்றிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். கிளம்பப் போவதில்லை என்று தெரிந்த கட்டு. இருந்தாலும் இறுக்கமாகத்தான் முறுக்கினான்.

“தன் குறைய தானே வட்டம் போட்டு, கப்பலேத்தி அனுப்பின ஒரே ஆளு நீதான்டி,” என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனும் தன் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“மெஷின்தான் எண்ணுதுன்னாலும், அட்டைய எடுத்து வைக்க ஒரு கை வேணுமில்ல? அந்தக் கைகிட்ட கேட்டுப் பாரேன்.”

அறிக்கையின் அடியில் அவர்கள் பரிசோதனைக்கூடத்துத் தொலைபேசி எண் இருந்தது. அவள் சொல்லவேண்டியதை மேலாளர் அவர்கள் மொழியில் நாலு வரியாக எழுதிக் கொடுத்தார். “எனக்கு இதுல நம்பிக்கை இல்லம்மா” என்றும் சொன்னார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அதை நெட்டுருப் போட்டாள். நாக்கு ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கி விழுந்தது.

மூன்று மணிக்கு மேலாளர் எண்ணைப் போட்டுக் கொடுத்தார். நெடுநேரம் மணி அடித்தது. பிறகு ஒரு பெண் குரல், வாயில் எதையோ மென்றபடி, ஏதோ கேட்டது. பின்னால் இயந்திரம் ஒன்று சீராக ஓடிக்கொண்டிருந்தது. பதினாறு வருடமாக விளக்குப் பெட்டியைப் பார்த்துச் சிவந்த கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள் புள்ளியக்கா.

“அம்மா, அந்த அட்டையில ஆறு பென்சில் வட்டம் இருக்கு. போட்டது நான்தான். ஒரு ரப்பர் எடுத்து அத அழிச்சிட்டு, இன்னும் ஒரே ஒரு தடவ வச்சுப் பாக்குறீங்களா?”