வடிகட்டிய வரி

ஷோபனா கட்டிய மென்பொருள் தொகுப்பு ஐந்து மணிக்குள் ஓடினால்தான் அம்பத்தூர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை நிரந்தரம். அவள் சம்பளம் உறுதியானால்தான் கணவன் பாண்டியன் வடக்கே வந்த மாற்றலை மறுத்து வேலையை விட முடியும்.

எங்கும் கிடைக்காத ஒரு லைப்ரரியை, அதாவது துணை நிரலை, கேட்டு லினக்ஸ் இயங்குதளம் தொகுப்பை நிறுவ மறுத்தது. அந்தத் துணை நிரலைத் தேவைப் பட்டியலிலிருந்து வடிகட்டச் சொல்லி அவள் எழுதிய வரி பலிக்கவில்லை. கீழே # குறி போட்டு முடக்கியிருந்த பழைய மேக்ரோ, அதாவது சுருக்குக் கட்டளை, முடங்காமல் செயல்பட்டு அவளுடைய புதிய வரியைக் கெடுத்துக்கொண்டிருந்தது. நாலரைக்கு அதைக் கண்டு அழித்தாள். தொகுப்பு நிறுவப்பட்டது. ஆனால் ஓடவில்லை.

ஐந்து மணிக்குச் சில நிமிடங்களே இருக்கையில் பாண்டியன் போனில் அழைத்தான். "இன்னாம்மா, ஆச்சா?"

"இல்லீங்க. தேவையானதையும் சேத்து வடிகட்டிட்டேன். இனிமே நேரமில்ல."



"சரி, உடு. வர்றப்போ ஒரு ஸ்வெட்டர் வாங்கிகினு வா. அங்க குளிராம்."