காலி எடை

ஊசி முனையளவு காற்றுதான். இடது கடைவாய்ப் பல்லின் ஓரத்தில் ஒரு விநாடி பட்டுவிட்டுப் போனது. அதற்கே அவளுடைய கால் பெருவிரல் செருப்புக்குள் மடங்கிக்கொண்டது. கைகள் நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டன. கண்ணோரத்தில் தண்ணீர் தானாகவே வந்து நின்றது.

"கூச்சம் பத்துக்கு எவ்வளவுக்கா?" என்று குட்டி டாக்டர் கேட்டாள்.

"ஜீரோ" என்றாள் அவள்.

குட்டி டாக்டர் பல் மருத்துவக் கல்லூரியில் மேல்படிப்புப் படிக்கிறவள். பெரிய டாக்டர் ஒருவர் தனி அறையில் இருந்ததால் இவளுக்கு அந்தப் பெயர் அமைந்துவிட்டது. பல் கூச்சத்துக்கு எந்த வைத்தியம் நல்லது என்று பார்ப்பது இவளுடைய ஆராய்ச்சி. நாற்பது பேரைப் பிடித்து, ஒவ்வொருவர் வாயிலும் இடது பக்கத்துக்கு லேசர், வலது பக்கத்துக்கு மேல்பூச்சு என்று கொடுத்து, ஒரு மாதம் கழித்து எந்தப் பக்கம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எழுத வேண்டும். ஒரே வாயில் இரண்டும் நடந்தால்தான் ஒருவர் பொறுமையும் இன்னொருவர் புளுகும் கணக்கைக் கெடுக்காது. கூச்சத்துக்கென்று விற்கிற பற்பசையை ஆறு மாதம் தேய்த்தும் பச்சைத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல்தான் அவள் இங்கே வந்திருந்தாள். நாற்பதில் அவள் பதினேழாவது வாய்.

"அக்கா, கண்ணுல தண்ணி நிக்குது. நீங்க ஜீரோங்கிறீங்க."

"ஒண்ணுமில்ல டாக்டர். தாங்கிக்கலாம்."

"தாங்கிக்க முடியுமான்னு நான் கேக்கல. எவ்வளவுன்னு கேட்டேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அந்தச் சொல் அவள் வாயில் எப்போதும் தயாராக இருந்தது, யாராவது எதையாவது கேட்டால் அதுவே முந்திக்கொண்டு வந்துவிடும். மூன்று வருடங்களுக்கு முன்னால் அவள் கணவர், வேலை விஷயமாக நாலு நாள் என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு நாள் நாற்பதானது. பிறகு வேறு ஊரில் வேறு வீடு, வேறு ஒருத்தி என்று செய்தி வந்தது. பிள்ளை குட்டி இல்லை, அதனால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய பாடும் இல்லை என்று ஊரே அவளுக்கு ஆறுதல் சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் அவள் டீ போட்டுக் கொடுத்து, "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பினாள். செய்தி வந்த மறுநாள் லாரி எடைமேடையில் தன் வேலைக்குப் போய் நாற்பத்தொரு லாரிக்கு எடை போட்டாள். லாரிக்காரர்கள் அவளுக்குக் குத்துக்கல் என்று பெயர் வைத்தது அதற்குப் பிறகுதான். அவளுக்கு அதிலும் ஒன்றுமில்லை. உண்மையிலேயே ஒன்றும் தோன்றவில்லை. மரத்துப்போன கால்மேல் உட்கார்ந்திருப்பவளைப் போல மூன்று வருடம் ஓடிவிட்டது.

நேற்று மாலை அண்ணன் போன் செய்திருந்தார். அவள் கணவருக்கு அந்த ஒருத்தியோடு எல்லாம் முடிந்துவிட்டதாம். "மாப்பிள்ள இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழம வர்றாரு. நானே கூட்டிக்கிட்டு வர்றேன். பழசக் கிளறாத. உனக்கும் பெருசா வருத்தம் ஒண்ணுமில்லன்னு நீயே எத்தன வாட்டி சொல்லியிருக்க. கதவத் தொற, சோத்தப் போடு, அவ்வளவுதான்." அவள் சரி என்றுகூடச் சொல்லவில்லை. உம் என்றாள். அண்ணன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு வைத்துவிட்டார்.

குட்டி டாக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தாள். "பல்லெல்லாம் மேல தேஞ்சிருக்குக்கா. தூக்கத்துல நெறநெறன்னு கடிக்கிறீங்கபோல. பக்கத்துல படுக்கிறவங்க யாராவது சொல்லியிருக்காங்களா?"

"பக்கத்துல யாருமில்ல."

டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை. பேனாவை மூடித் திறந்தாள். அவளுக்கு இன்னும் இருபத்து மூன்று வாய்கள் பாக்கி, கவலை அவளுக்கு. "மொதல்ல எவ்வளவு இருந்துச்சுன்னு தெரியாம, பின்னால எவ்வளவு கொறஞ்சிருக்குன்னு நான் எப்படிக்கா எழுதுவேன்? ஜீரோவுலருந்து எதக் கொறைக்கிறது?"

அவளுக்குச் சுருக்கென்றது. பல்லில் இல்லை, தொழிலில். பதினோரு வருடமாக எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறவளிடம் போய் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே. லாரி வெறுமனே வந்து மேடையில் ஏறி ஒரு எடை, சரக்கு ஏற்றிக்கொண்டு வந்து மறுபடி ஒரு எடை, இதிலிருந்து அதைக் கழித்தால் சரக்கு. முதலாவது எடையைப் போடாமல் நழுவப் பார்க்கிற ஓட்டுநர்களை அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டிருக்கிறாள். காலி எடை போடாதவனுடைய முழு எடைக்கு என்ன மதிப்பு? வாய் நிறைய வலியை ஏற்றிக்கொண்டு வந்து, முதல் எடையில் பூஜ்யம் என்று சொல்லி டாக்டரை ஏமாற்றியிருக்கிறோம் என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

"மறுபடி ஊதுங்க" என்றாள்.

இந்த முறை அவள் கண்ணை மூடிக்கொண்டு, வலி எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று கவனித்தாள். பல்லிலிருந்து காதுக்கு, காதிலிருந்து கழுத்துக்கு. இடது பக்கம் ஏழு என்றாள். வலது பக்கமும் ஏழு. அதைச் சொல்லிவிட்டு, யாரோ தன் பையைத் திறந்து பார்த்துவிட்டதுபோல் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

இடது பக்கத்துக்குப் பேனா மாதிரி ஒன்றை வைத்துச் சிவப்பு வெளிச்சம் காட்டினார்கள். வலது பக்கத்தில் பிசின்போல ஒரு பூச்சைத் தடவினார்கள். கிளம்பும்போது அவள் கேட்டாள். "ரெண்டும் சரிப்படலைன்னா நரம்பையே எடுத்துடுவீங்களாமே? அத இப்பவே பண்ணிட்டா?"

"எடுத்துட்டா கூச்சமே இருக்காது. ஆனா உள்ளுக்குள்ள சொத்த வந்து வெறும் ஓடாகுறவரைக்கும் அரிச்சாலும் உங்களுக்குத் தெரியாதுக்கா. உங்களுக்கு அந்த அளவுக்கு இல்ல. பல்லுக்கு உசுரு இருக்கு."

அந்த வாரம் முழுக்க மழை. எடைமேடையில் தண்ணீர் தேங்கினால் லாரியே இல்லாமல் முப்பது கிலோ, நாற்பது கிலோ என்று திரை சிவப்பாகக் காட்டும். அதற்கென்று ஒரு ஜீரோ பட்டன் உண்டு. அழுத்தினால் நாற்பது பூஜ்யமாகிவிடும். தண்ணீர் மட்டும் அங்கேயேதான் கிடக்கும். பதினோரு வருடமாக ஒவ்வொரு லாரிக்கு முன்பும் யோசிக்காமல் அழுத்தி வந்தவள், அந்த வாரம் அழுத்துவதற்கு முன்னால் எண்ணை ஒருமுறை படித்தாள். அதுவே அவளுக்கு ஒரு வியாதிபோல ஒட்டிக்கொண்டது. காலில் செருப்புக் கடித்த இடம், மூன்று. ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி அளப்பது, இரண்டு. கதவுக்குப் பின்னால் ஆணியில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிற, கழுத்துப்பட்டை கிழிந்த அவருடைய சட்டை, ஆறு. முதல் தடவை ஆறு என்று தோன்றியபோது அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றாள். வலித்தது. மூன்று வருடமாக அந்தக் கதவை நாளைக்கு இருபது முறை சாத்தித் திறந்திருக்கிறாள், ஒருநாளும் அது வலிக்கவில்லை. இப்போது மட்டும் ஏன் என்று அவளுக்கே புரியவில்லை. புரியாவிட்டாலும் எண் எண்தானே. சட்டையை எடுத்து எறியவும் இல்லை. ஆணியிலேயே விட்டுவிட்டாள். மற்ற நேரமெல்லாம் பழையபடி மரத்தே இருந்தாள். அண்ணன் இரண்டு முறை போன் செய்தார், இரண்டு முறையும் உம் என்றாள்.

மாதக் கடைசி சனிக்கிழமை காலையில் கடைசித் தடவையாகக் காற்று ஊதினார்கள். இடது பக்கம் இரண்டு. வலது பக்கம் முதல் வாரம் நாலுக்கு இறங்கி, பூச்சு தேயத் தேயப் பழையபடி ஆறுக்கு வந்து நின்றிருந்தது. குட்டி டாக்டருக்கு முகமெல்லாம் பல். "உங்க வாயில லேசர்தான் ஜெயிச்சிருக்குக்கா. மத்த வாயெல்லாம் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும். திங்கக்கிழம வாங்க, வலது பக்கத்துக்கும் அதையே வெச்சுடலாம்." பிறகு, எழுதின தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாப்பது பேருல நீங்கதான் துல்லியமா சொல்றீங்க. மத்தவங்க என் மொகத்தப் பாத்து நம்பர் சொல்றாங்க."

அங்கிருந்து நேரே வேலைக்கு வந்தாள். மழை விட்டிருந்தது. மதியம் மூன்று மணிக்கு, லாரி ஏறுகிற சரிவின் வழியாக ஒரு ஆள் நடந்து வந்து, எடைமேடையின் நடுவில், அவளுடைய ஜன்னலுக்கு நேராக நின்றார். தோளில் பெரிய துணிப்பை. முன்பு இல்லாத தொப்பை, முன்பு இல்லாத நரை. மேடைக்கு அப்பால் கம்பத்தில் உயர மாட்டியிருந்த திரையில் எண்பது கிலோ என்று விழுந்தது.

"நாளைக்குத்தான மச்சானோட வர்றதா இருந்துச்சு. மனசு கேக்கல, இன்னைக்கே வந்துட்டேன்" என்றார். "வீடு பூட்டியிருந்துச்சு."

"நான் வேலைக்கு வந்திருக்கேன்."

"தெரியும். சாவியக் குடுத்தீன்னா போயிப் படுத்திருப்பேன்."

சாவி மேசைமேல்தான் இருந்தது, எடைச் சீட்டுகள் பறக்காமலிருக்க அவற்றின்மேல் வைத்திருந்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது. சரிவுக்குக் கீழே ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. பழக்கதோஷத்தில் அவள் விரல் ஜீரோ பட்டன்மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

"மச்சான் சொன்னாரு" என்றார் அவர். குரலில் நிம்மதி இருந்தது. "நீ ஒண்ணும் பெருசா மனசுல வெச்சுக்கலன்னு. நீ அப்படித்தான்னு எனக்குத் தெரியும். ஒண்ணுமில்லல்ல?"

ஒண்ணுமில்ல என்பது நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது, மழைக்குப் பிந்திய குளிர்காற்று ஜன்னல் வழியாக வந்து வலது கடைவாயில் பட்டது.

"ஒம்பது" என்றாள்.

"என்ன ஒம்பது?"

"பத்துக்கு ஒம்பது."

அவருக்கு விளங்கவில்லை. நேரத்தைச் சொல்கிறாளோ என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு காலுக்குக் கீழே இருந்த இரும்புத் தகட்டைப் பார்த்தார். பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். திரையில் எண் ஒருமுறை துடித்துவிட்டு, மறுபடி எண்பதில் வந்து நின்றது.

லாரி இன்னொரு முறை ஹாரன் அடித்தது. அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பொறு என்று ஓட்டுநருக்குச் சைகை காட்டினாள். பட்டன் மேலிருந்த விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சாவி சீட்டுகளின்மேல் இருந்தது. ஈர மேடையில் அவர் பையோடு நின்றுகொண்டிருந்தார், அவருக்கு மேலே அந்தச் சிவப்பு எண் அப்படியே எரிந்துகொண்டிருந்தது.