பிளேன் புத்தகத்தில் கனகசிங்கம்

அன்று காலை கனகசிங்கம் ஐஸ் கொட்டிலில் இருந்த ஐஸை எல்லாம் ஒளித்து வைத்தார். கொட்பே மீன்பிடித் துறையில் படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுப்பது அவருடைய தொழில். ஐஸை ஒளிப்பது லேசான காரியமல்ல, மற்றப் பொருட்களைப் போல அது வைத்த இடத்தில் இருக்காது. கட்டிகளைச் சுவரோரம் தள்ளி, மரத்தூள் கொட்டி, சாக்கால் மூடி, முன்னால் மனைவி இலட்சுமியின் நீலச் சேலையை இழுத்துக் கட்டினார். நடுவில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை. கூர்க்கம்பி, கொக்கி, மீன் பெட்டிகள் எல்லாம் வெளியே போயின. கொட்டிலில் குடியிருந்த பூனையும் வெளியே போனது. அந்தப் பூனை வாழ்நாள் முழுக்க மீன் தின்று, மீனே வெறுத்துப்போய், கொஞ்ச நாளாகப் பாணும் சம்பலும்தான் சாப்பிட்டது. நம்பாதவர்கள் துறைமுக வாசல் தேத்தண்ணிக் கடையில் விசாரிக்கலாம்.

மீசைக்கு மை பூசியிருந்தார். திருகோணமலை வெயிலுக்கு அந்த மை மீசையில் நிற்க விருப்பமில்லாமல் உதட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. புல்மோட்டைப் பக்கம் லொறியில் மீன் எடுக்கப் போய்வரும் ஆதம்பாவா எட்டிப் பார்த்தார். துறையில் எல்லாரும் அவரை அண்ணன் முறையில் 'காக்கா' என்பார்கள்.

"என்ன கனகண்ணே, ரெண்டாம் கலியாணமா? மாப்பிள்ளைக்கு வாயால மை வடியுது."

"படம் எடுக்க வருகினம் காக்கா. பிளேன் புத்தகத்துக்கு."

"அப்ப சரி. பிளேன் உயரத்தில இருந்து பார்த்தா மை தெரியாது."

கனகசிங்கம் சிரிக்கவில்லை. விளையாட்டுக்கு அவர் கதிரை போடவில்லை.

படம் எடுக்க வருகிறவள் ஸல்ஹா. பிறந்தது கிண்ணியா, வேலை கொழும்பில். சனங்களை அவரவர் இடத்தில், அவரவர் வேலையோடு படம் எடுப்பாள். நிலாவெளியில் கரைவலை இழுக்கிறவர்களையும் தோப்பூர் வயல்காரர்களையும் எடுத்து முடித்துவிட்டுப் போன கிழமை துறைக்கு வந்து, கனகசிங்கத்தைக் கண்டதும் நின்றுவிட்டாள். படங்கள் வரப்போவது பிளேனில் ஒவ்வொரு சீட்டுக்கும் முன்னால் செருகி வைத்திருக்கிற புத்தகத்தில் என்றாள்.

வினை அங்கேதான் தொடங்கியது. ஏனென்றால் கனகசிங்கத்தின் மகன் லக்சன் மாதத்தில் பாதி நாள் பிளேனில் பறப்பவன்.

உண்மையில் லக்சன் போனது படகில். நாடு முழுக்கப் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் அது. ஆஸ்திரேலியா என்று சொல்லிப் போனவன் நடுக்கடலில் இருந்து யாரோ ஒருவனின் போனில் ஒருமுறை கதைத்தான். "அப்பா, கடல் நல்லாக் கிடக்கு" என்றான். அதற்குப் பிறகு அவனும் இல்லை, படகும் இல்லை. கூடப் போன மற்றப் பிள்ளைகளின் வீடுகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் படத்துக்கு மாலை போட்டார்கள். இலட்சுமி மாலையும் போடவில்லை, சாப்பிடவும் இல்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து கோழிக்குப் போட்டாள். கோழி கொழுத்தது.

ஒருநாள் வேலை முடிந்து வந்த கனகசிங்கம், சட்டையைக் கழற்றிக்கொண்டே, "லக்சன் போன் எடுத்தவன். சுகமாம்" என்றார். அன்று இலட்சுமி கோப்பை நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். ஒரு பொய்க்கு இவ்வளவு பசி எடுக்குமென்றால் இன்னொன்றைச் சொல்லாமல் விடுவது எப்படி? லக்சனுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்தத் தேசத்தில் ஒருவருக்கும் ஐஸ் உடைக்கத் தெரியவில்லை, சுத்தியலால் அடித்துத் தூளாக்கிக்கொண்டிருந்தார்கள். லக்சன் கொட்பே முறையைக் காட்டிக் கொடுத்ததும் முதலாளி எழும்பி நின்று கைகொடுத்தார். பிறகு அவன் மேற்பார்வையாளன் ஆனான். பிறகு தேசம் தேசமாகப் பறந்து ஐஸ் பார்க்கிற வேலை. பனி கொட்டுகிற ஊர்களில் இருந்தெல்லாம் அவனைக் கூப்பிட்டார்கள். வேலை நேரத்தில் மட்டும்தான் போன் எடுக்கலாம் என்பது அந்தக் கம்பெனியின் சட்டம், அந்த நேரம் பார்த்துக் கனகசிங்கம் எப்போதும் கொட்டிலில் இருப்பார். மகனைக் கடலில் இருந்து எவ்வளவு உயரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு உயரத்தில் வைத்தார். கொட்பே முழுக்கக் கதையைக் கேட்டது. ஒருவரும் எதிர்க் கேள்வி கேட்கவில்லை.

பிளேன் புத்தகத்தைப் பற்றி வீட்டில் பெருமையாகச் சொல்லி முடித்த பிறகுதான், என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. இலட்சுமி குசினியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அப்ப அவன் பார்ப்பான்."

"ஓம்... பார்ப்பான்தானே."

"நேராப் பாருங்கோ என்ன. அவன்ர முகத்தைப் பார்க்கிற மாதிரி. பார்த்திட்டு அவன் என்ன சொன்னவன் எண்டு எனக்கு வந்து சொல்லோணும்."

அதற்காகத்தான் சேலை, கதிரை, மை எல்லாம். ஸ்டூடியோவில் எடுத்த மாதிரி நேராகப் பார்த்த ஒரு படம் வந்துவிட்டால், மிச்சக் கதையை எப்படியாவது கட்டிவிடலாம்.

ஸல்ஹா வந்து சேலையைப் பார்த்தாள், கதிரையைப் பார்த்தாள், மீசையைப் பார்த்தாள். மரியாதையான பிள்ளை, சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

"ஐயா, ஐஸ் எங்க?"

"ஐஸ் என்னத்துக்குப் பிள்ளை? புத்தகத்தில உருகிப் போடும்."

சேலை கழன்றது. கதிரை வெளியே போனது, பூனை உள்ளே வந்தது. கனகசிங்கம் பழையபடி இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு கூர்க்கம்பியை ஓங்கிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு குத்துக்கும் நிமிர்ந்து கமராவைப் பார்த்தார்.

"என்னைப் பார்க்க வேணாம் ஐயா. நான் இங்க இல்லை எண்டு நினைச்சுக்கொள்ளுங்க."

"ஒண்டே ஒண்டு நேரா எடு பிள்ளை. உனக்குப் புண்ணியமாப் போகும்."

எடுத்தாள். நேராகவே பல எடுத்தாள். எது வரும் என்று கேட்டார். அதைக் கொழும்பில் இருக்கிறவர்கள் தெரிவு செய்வார்கள் என்றாள். பிறகு கமராவில் எதையோ கழற்றி வேறு எதையோ பூட்டிக்கொண்டே, வாய் சும்மா இருக்கக்கூடாது என்பதற்காக ஒன்று கேட்டாள்.

"உங்கட மகன் பிளேனிலயே திரியிற ஆளாமே. ஆதம்பாவா காக்கா சொன்னார். கடைசியா எப்ப வீட்டுக்கு வந்தவர்?"

இந்தக் கேள்வியை அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. எதற்கும் ஒரு கதை வைத்திருக்கிற மனிதர் வாயைத் திறந்தார். வரிசையாகப் பதில்கள் வந்து நின்றன. கொட்டிலுக்கு வெளியே ஒரு படகு அவர் உடைத்த ஐஸை ஏற்றிக்கொண்டு குடாவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கனகசிங்கம் அது போகிற பக்கம் பார்த்தார். ஐஸ்கட்டியில் வெடிப்பு ஓடுகிற மாதிரி மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. அது கமரா.

கச்சான் காற்று அடங்கும் காலத்தில் புத்தகம் வந்தது. ஆதம்பாவாதான் கொண்டுவந்தார். மீன் நிறுக்கிற மேசையில் விரித்து, "பாருங்கடாப்பா நம்மட கதாநாயகனை" என்று கூப்பிட்டவர் பக்கத்தைக் கண்டதும் புத்தகத்தை மெல்ல மூடிக் கனகசிங்கத்தின் கையில் கொடுத்தார்.

"நல்லா எடுத்திரிக்கி. ஆனா வீட்டுக்குக் கொண்டுபோகத் தேவல்ல கனகண்ணே."

கனகசிங்கம் கொண்டுபோனார். அதை ஒளிக்க மரத்தூளும் சாக்கும் போதாது. சைக்கிள் கைப்பிடியில் ஒரு பையில் ஐஸ் துண்டு தொங்கியது, வெயில் காலத்தில் இலட்சுமிக்குத் தேசிக்காய் பிழிந்த தண்ணிக்கு. வழி நெடுக ஒரு கதையைத் தயார் செய்தார். லக்சன் மேகத்துக்கு மேலே புத்தகத்தைத் திறக்கிறான், "என்ர அப்பா" என்று கத்துகிறான், பிளேன் ஓட்டுகிறவரே எழும்பி வந்து பார்க்கிறார். நல்ல கதை. அவர் சொன்னவற்றிலேயே சிறந்தது.

இலட்சுமி புத்தகத்தைக் கதிரையில் வைத்துவிட்டுத் தான் தரையில் இருந்து பார்த்தாள். படம் பெரிது. ஐஸின் ஒவ்வொரு கீறலும் தெரிந்தது. அதற்குப் பின்னால் மை வடிந்த மீசையோடு ஒரு மனிதன் கமராவைப் பார்க்காமல், எதையும் பார்க்காமல் நின்றான். நடுக்கடலில் இருந்து வந்த அந்த ஒரு போனுக்குப் பிறகு அந்த முகத்துக்கு ஒருவரும் போன் எடுத்ததில்லை. அது பார்த்த எவருக்கும் தெரியும்.

"நேராப் பார்க்கேல்லை" என்றாள்.

கனகசிங்கம் தொண்டையைச் செருமினார். "இஞ்சை கேளும், இண்டைக்குக் காலமை அவன்..."

"எனக்கும் போன் எடுத்தவன்."

"ஆர்?"

"லக்சன்தான். நீங்கள் வேலைக்குப் போன பிறகு." அவள் புத்தகத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "பார்த்தவனாம். அப்பா வடிவா இருக்கிறாராம். இனி மீசைக்கு மை பூச வேண்டாமாம்."

அந்த வீட்டில் இருந்தது ஒரேயொரு போன். அது கனகசிங்கத்தின் சட்டைப் பையில் இருந்தது. அவர் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய் அதைத் தடவினார்.

"கன நேரம் கதைச்சவனோ?"

"ஓம். கன நேரம்."

அவள் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தாள். உள்ளே ஸ்டூடியோவில் எடுத்த லக்சனின் படம் இருந்தது. பின்னால் நீலத் திரை, படிய வாரிய தலை. அதன் பக்கத்தில் புத்தகத்தை விரித்து நிறுத்தினாள். மகன் நேராகப் பார்த்தான். தகப்பன் அவனைத் தாண்டி வேறெங்கோ பார்த்தார்.

ஐஸை இருவரும் மறந்துவிட்டார்கள். வாசலில் கிடந்த பையில் இருந்து தண்ணீர் புறப்பட்டு, படி இறங்கி, கடல் இருக்கிற பக்கமாக மணலில் கொஞ்சத் தூரம் போனது. பிறகு அந்த இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது.