நுஹா எழுதியது, ரொஹான் பெயரில்

1.

இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது. கண்டியிலிருந்து கெலிஓயா போகிற வழியில், பேராதனை நெரிசலில், பக்கத்தில் நின்ற நுஹா பொரிந்து தள்ளினாள். என்னிடம் படித்த பிள்ளை. இப்போது கண்டியில் ஒரு சிறிய மென்பொருள் கம்பெனியில் வேலை. எனக்குக் கணினி என்றால் கேள்வித்தாள் அடிக்கிற பெட்டி. ஆனாலும் அவள் கோபம் புரிந்தது. கோபத்தைப் புரிந்துகொள்ளக் கணினி எதற்கு?

தொடக்கம் ஒன்று: “மலைகளின் மேல் பனி மெல்ல இறங்கிய” [வேண்டாம். அவள் அலுவலகத்தில் ஜன்னலே இல்லையாம்.]

தொடக்கம் இரண்டு: “நுஹாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு” [அழவில்லை, எரிச்சல்தான் வந்தது என்று அவளே திருத்தினாள்.]

2.

கொஞ்சம் விளக்கம். பயப்படாதீர்கள், எனக்கே விளங்கியது.

கணினி நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிந்து வைக்க ஓர் ஏற்பாடு உண்டு. நுஹாவின் கம்பெனியில் அது கிட். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் இருப்பதோ அதே வேலைக்கான வேறொரு பழைய களஞ்சியம். ஒன்றின் பேச்சு மற்றதற்கு விளங்காது. அதனால் நடுவில் ஒரு பாலம். அங்கிருப்பதைக் கிட்டுக்குள் குளோன் செய்து, அதாவது அப்படியே நகலெடுத்து, கொண்டுவரும். வேலை முடிந்ததும் மாற்றங்களை ஒவ்வொன்றாக அங்கே சப்மிட் பண்ணும். அந்தப் பக்கம் நுழைய வாடிக்கையாளர் தந்தது ஒரேயொரு பயனர் கணக்கு. அது ரொஹான் பெயரில்.

(ரொஹான் குழுவில் மூத்தவன், வத்தேகமக்காரன். நல்லவனா கெட்டவனா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.)

ஒரே பார்சலை இரண்டு வேன்களில் ஏற்றச் சொல்லும் ஒரு பிழை வாடிக்கையாளரைப் பாடாய்ப் படுத்தியது. நுஹா மண்டையை உடைத்துக்கொண்டு அதைத் திருத்தினாள். கிட்டில் எல்லாம் அவள் பெயர். பாலத்தைத் தாண்டியதும் எல்லாம் ரொஹான். வாடிக்கையாளர் அதைப் பார்த்து மகிழ்ந்து, புதிய குழுவுக்கு ரொஹானையே தலைவராகப் போடுகிறோம், வெள்ளிக்கிழமை பேசுவோம் என்று மெயில் அனுப்பிவிட்டார். அந்த இடத்துக்கு நுஹா எவ்வளவோ ஆசைப்பட்டிருந்தாள்.

3.

முதல் வரைவில் ரொஹானுக்கு ஒரு கள்ளச் சிரிப்பு வைத்தேன். மறுபடி பஸ்ஸில் கண்டபோது நுஹா அதை வாசித்துவிட்டுப் பொங்கினாள்.

“அல்லாவே, என்ன டீச்சர் இது? அவன் கள்ளன் இல்ல. மெயில பாத்து என்னவிட அவன்தான் பயந்த.”

“கதைக்கு ஒரு வில்லன் வேணாமா, பிள்ள?”

“வேணும்னா ஒங்கட பிரின்ஸிபல போட்டுக்கோங்க.”

[இந்த வரியை அச்சுக்குப் போகும் முன் கட்டாயம் நீக்கவேண்டும்.]

முடிவுகளையும் அவளிடமே கேட்டேன். நுஹா வேலையை விட்டு விலகுகிறாள்? “எனக்கென்ன பைத்தியமா?” ரொஹான் கூட்டத்தில் உண்மையைச் சொல்ல, எல்லோரும் கைதட்டுகிறார்கள்? விழுந்து விழுந்து சிரித்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“அதுதான் நடந்த, டீச்சர். ஆனா அரைவாசிதான்.”

4.

வெள்ளிக்கிழமை. திரையில் வாடிக்கையாளர், இந்தப் பக்கம் ரொஹானும் நுஹாவும். ரொஹான் நேராகவே சொன்னான்: இது முழுக்க நுஹாவின் வேலை, என் கணக்கால் போனதால் என் பெயர் விழுந்துவிட்டது. கிட்டில் இருந்த பதிவுகளையும் திறந்து காட்டினான். [சரி, நல்லவன். முடிவாயிற்று.]

வாடிக்கையாளர் உருகிப்போனார். கூட வேலை செய்பவர்களை இப்படித் தூக்கிவிடுகிற மனிதர்தான் தலைவராக வரவேண்டும் என்றார். நன்றி ரொஹான், என்றார்.

ரொஹான் தலையில் கைவைத்துக்கொண்டான். “நான் எதச் சொன்னாலும் எனக்கேதான் வந்து விழுது. நீங்களே பேசுங்க, நுஹா,” என்று கதிரையைத் தள்ளி இடம்விட்டான்.

நுஹா பேசினாள். புதிய குழுவுக்கு இப்போது அவள்தான் தலைவி.

5.

என்ன பேசினாள்? எனக்குத் தெரியும். ஒரு சொல் விடாமல் சொன்னாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கண்கலங்கினேன், அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்குப் போய் அப்படியே எழுதினேன். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாக வந்திருந்தது.

நுஹா வாசித்தாள். “நல்லா ஈக்குது, டீச்சர். அத மட்டும் அழிச்சிருங்க.”

“ஏன் பிள்ள? கதையே அதுலதானே இருக்கு!”

“கதைக்கு மேல ஒங்கட பேரதானே, றேணுகான்னு போடுவாங்க?”

அழித்துவிட்டேன். நுஹா மைக்கைப் போட்டு, [                    ] என்றாள். அடைப்புக்குள் இருந்ததை அவள் யாரிடமும் மறைப்பதில்லை. கெலிஓயா பஸ்ஸில் கண்டால் அவளிடமே கேளுங்கள்.